சோழரின் வெள்ளிக் காசுகள்



தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டிராதவர் உங்களுள் மிகச் சிலரே இருப்பர். நேரிற் காணாதவரும் படத்திலேனும் கண்டிருப்பர். முதலாம் இராசராசன் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் மிகப் பெரியது அக்கோயில். அவனது ஆட்சியின் 25-ஆம் ஆண்டாகிய 1010-இல் அதன் விமானத்து உச்சிக்குப் பொற்குடம் ஏறிற்று. அவன் விட்டுச் சென்றவற்றுள் மிகச் சிறியது எது என்று உங்களை வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியதான ஒரு காசு என்பது என் விடை. உள்ளங்கையில் வைத்து மூடினால் அது இருக்குமிடம் தெரியாது. கோயிலைக் காண விரும்பியவர் தஞ்சைக்கு வர வேண்டும். காசோ, தானே புறப்பட்டுச் சென்று மக்களைக் கண்டது, காவிரியைக் கடந்தது, கடலையும் கடந்தது. மன்னனை வாழ்நாளில் ஒருமுறையும் காணாதவர்க்கும் 'உங்களை ஆள்பவன் இவன்' என்று அது சொல்லிற்று.

இன்று அக்காசுகளைப் பற்றி, சிறப்பாக வெள்ளிக் காசுகளையும் அவற்றின்மேல் உள்ள உருவங்களையும் பற்றி, உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன். அவ்வுருவங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு செய்தி புலப்படும். சோழர் தம் காசில் தம்முடைய அடையாளத்தை மட்டும் பொறித்து அமையவில்லை. தம்மிடம் தோற்றவர்களின் அடையாளங்களையும் உடன் பொறித்தனர். அதனைச் செய்ததன் நோக்கம் யாது, அதனாற் பின்னர் விளைந்தது யாது என்பதே என் பேச்சின் பொருள்.

காசு பிறந்த விதத்தை முதலில் அறிந்துகொள்வோம். இக்காலத்து நாணயம் இயந்திரத்திற் பிறக்கிறது. ஒன்றைப் போலவே ஆயிரம் வருகின்றன. அக்காலத்துக் காசு சம்மட்டியின் அடியிற் பிறந்தது. கம்மியர் மூசையில் வெள்ளியை உருக்கிச் சிறு சிறு வில்லைகளாக வார்ப்பர். அல்லது தகடாகத் தட்டி உளியால் வெட்டுவர். ஒவ்வொரு வில்லையையும் நிறுத்துப் பார்ப்பர். நிறை மிகுந்தால் விளிம்பைச் சிறிது கத்தரிப்பர். நிறுப்பதற்கு அடிப்படையாக நின்றவை நம் வேலியோரத்து விதைகளே. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இன்று பிள்ளைகள் விளையாடும் குன்றிமணியை வைத்து ஒரு பேரரசின் செல்வம் முழுவதும் அளக்கப்பட்டது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு களிப்பு உண்டாகும்.

வில்லை ஆயத்தமானபின் அச்சு வேண்டும். அச்சுகள் இரண்டு. ஒன்று பட்டடையில் அசையாமல் பதிந்திருக்கும். மற்றொன்று ஒரு முளை போன்றது. அதனைக் கையிற் பிடித்துக்கொள்வர். இரண்டின் முகத்திலும் உருவங்கள் குழிவாக வெட்டப்பட்டிருக்கும். கீழச்சின்மேல் வில்லையை வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். வெள்ளி நெகிழ்ந்து அச்சின் குழிகளுக்குள் ஏறும். இருபுறமும் உருவம் எழும். காசு அச்சிடுதல் என்று நாம் கூறாமல் 'காசு அடித்தல்' என்று கூறிவந்ததன் காரணம் இதுவே. அச்சு வெட்டுபவனின் திறமை ஈண்டு நினைக்கத்தக்கது. காசில் வலப்புறம் இருக்க வேண்டியதை அவன் அச்சில் இடப்புறம் வெட்ட வேண்டும். மேடாக எழ வேண்டியதைப் பள்ளமாக வெட்ட வேண்டும். எழுத்துகளைத் தலைகீழ்க் கண்ணாடியிற் காண்பது போலத் திருப்பி எழுத வேண்டும். இவ்வளவும் ஒரு விரல் அகலத்திற்குள் அடங்க வேண்டும்.

அடிக்கும் கை சிறிது பிசகினாலும் உருவம் ஒருபுறம் ஒதுங்கிவிடும். மேலும், சோழர் காசுகள் பலவற்றில் அச்சு பெரியது, வில்லை சிறியது. ஆகவே ஒரு காசில் எழுத்தின் மேற்பாதி இருக்கும். கீழ்ப்பாதி வெளியே போயிருக்கும். மற்றொன்றில் காலிருக்கும், தலை இராது. காசாராய்ச்சியாளர் இவற்றைப் படிப்பது, கிழிந்த ஓலைகளை ஒட்டிப் படிப்பது போன்றதுதான். ஒரே வகையான பத்துக் காசுகளைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்பி, முழு உருவத்தையும் தாளில் வரைந்துகொள்வர். ஆகையால் ஒரு காசு பார்வைக்குச் சிதைந்து காணப்பட்டாலும் அதனை வீண் என்று தள்ளலாகாது. மற்ற ஒன்பதிலும் இல்லாத எழுத்து அதில் இருக்கக்கூடும்.

இனி உருவங்களுக்கு வருவோம்.

சோழர்க்குப் புலி, பாண்டியர்க்கு மீன், சேரர்க்கு வில் என்பது தொடக்கப் பள்ளியிலேயே நாம் கற்ற பாடம். சங்க காலச் சோழர் வெளியிட்ட சதுரமான செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் ஒருபுறம் யானை. மறுபுறம் வாலை உயர்த்தி நிற்கும் புலி. அங்கே புலி தனியே நிற்கிறது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து, பிற்காலச் சோழர் காசுகளை நோக்கினால் புலி அமர்ந்துவிட்டது. அதற்குத் துணையாக வேறு உருவங்களும் வந்துவிட்டன. முதலாம் இராசேந்திரனின் வெள்ளிக் காசை எடுத்துக்கொள்வோம். நடுவே புலி அமர்ந்திருக்கிறது. அதன் பக்கத்தே மீன். மற்றொரு பக்கத்தே வில். மேலே குடை. கீழே நாகரி எழுத்தில் அரசன் பெயர். சில காசுகளில் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் விருதுப் பெயரே காணப்படுகிறது.

இவ்வோவியத்தை வேறெங்கோ கண்டதுபோல் இருக்கிறதல்லவா? அரசனின் முத்திரை இதுவே. 1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்திருக்கும் பெரிய வளையத்தின் முத்திரையிலும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைக் கூறும் செப்பேடுகளின் முத்திரையிலும் இதே காட்சியைக் காண்கிறோம். ஆனைமங்கலச் செப்பேடுகள் ஆலந்து நாட்டு லெய்டன் நகரத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. புலி, மீன், வில், குடை, சாமரம் ஆகிய அனைத்தும் முத்திரையில் விரிவாக உள்ளன. காசில் அவையே சுருங்கி நிற்கின்றன. ஓர் ஊரைத் தானமாக அளிக்கும்போது அரசன் எந்த முத்திரையை இட்டானோ, அதனையே விரலளவு வெள்ளியிலும் இட்டு நாடெங்கும் அனுப்பினான்.

இப்புலி, மீன், வில் மூன்றையும் மூவேந்தர் ஒற்றுமையின் சின்னம் என்று மேடையில் சிலர் பேச நான் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். ஆனால் காசு அவ்வாறு கூறவில்லை. புலி பெரியதாக நடுவில் வீற்றிருக்கிறது. குடை அதற்கே உரியது. மீனும் வில்லும் அதன் பக்கத்தில் சிறியனவாக ஒடுங்கி நிற்கின்றன. இது நட்பின் படமாக எனக்குத் தோன்றவில்லை. திறை செலுத்தும் மன்னர் அவையில் நிற்கும் படமாகவே தோன்றுகிறது.

இவ்வழக்கம் இராசேந்திரன் காலத்தில் தோன்றியதும் அன்று. அவன் தந்தை இராசராசனுக்கும் முன் ஆண்ட உத்தம சோழன் காசிலேயே புலியுடன் மீன் காணப்படுகிறது. உத்தம சோழன் போர்களாற் புகழ் பெற்றவன் அல்லன். பாண்டியனை வென்று 'மதுரை கொண்ட' என்னும் அடைமொழியைப் பெற்றவன் அவனுடைய பாட்டனாகிய முதலாம் பராந்தகன். வீரபாண்டியனை வென்றவன் ஆதித்த கரிகாலன். பாட்டன் வென்ற மீனைப் பேரன் தன் காசிற் பொறித்துக்கொண்டான். கொடியையும் காசையும் பொறுத்தவரையில் வெற்றியும் நிலபுலம்போல் வழிவழியாக வரும் சொத்துத்தான் போலும்!

உத்தம சோழனின் பொற்காசு ஒன்றைப் பற்றி இங்கே நான் கூறியாக வேண்டும். சென்னை அரசாங்கத்திற் பணியாற்றிய சர் வால்டர் எலியட் என்னும் ஸ்காட்லாந்தியர் தென்னிந்தியக் காசுகளைத் தேடித் தொகுத்தார். முதுமையிற் கண்பார்வை மிகக் குன்றிய நிலையிலும் அவற்றைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். 1880-களில் வெளிவந்த அந்நூலில் உத்தம சோழனின் பொற்காசு ஒன்றின் வரைபடம் உள்ளது. புலியும் மீனும் நடுவே இருக்க, அவன் பெயர் கிரந்த எழுத்திற் சுற்றிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படத்திலுள்ள காசு பின்னர் மறைந்துவிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் அக்காசைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த வரைபடத்தையே சான்றாகக் காட்ட வேண்டியவராயினர். ஒருவர் ஒருநாள் உட்கார்ந்து அதனை வரைந்து வைத்திராவிடின் அக்காசு இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திராது.

இராசராசன் காசுகள் வேறு வகையைச் சார்ந்தவை. ஒருபுறம் ஒரு மனிதன் நிற்கிறான். மறுபுறம் ஒரு மனிதன் அமர்ந்திருக்கிறான். அமர்ந்திருப்பவனின் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் மூன்று வரியாக 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று பொறித்திருக்கிறது. உருவங்கள் கோடு கோடாக இருக்கின்றன. கண்ணும் மூக்கும் கையும் காலும் குச்சிகளை ஒட்டி வைத்தாற்போலத் தோன்றும். பெரிய கோயிலின் உட்சுவரில் எழில் மிகுந்த ஓவியங்களைத் தீட்டுவித்த அரசனுடைய காசா இது என்று ஐயம் உண்டாகும். பொன்னிலும் வெள்ளியிலும் செம்பிலும் இவ்வகை அடிக்கப்பட்டது. செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, வெள்ளி அரிது.

இந்த நிற்கும் மனிதன் எங்கிருந்து வந்தான்? இதைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்களுட் பலர் கூறுவது இது. இராசராசனுக்கு முன்பே ஈழ நாட்டு மன்னர் 'கஹவணு' என்னும் பொற்காசுகளை வெளியிட்டிருந்தனர். அவற்றிலும் ஒருபுறம் நிற்கும் மனிதன். மறுபுறம் அமர்ந்த மனிதன். பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ லங்கா விபு' என்னும் தொடர். இலங்கையின் தலைவன் என்பது அதன் பொருள். 993-ஐ ஒட்டி இராசராசனின் படை அனுராதபுரத்தைக் கைக்கொண்டது. அதன்பின் ஈழத்தின் காசுருவை அவன் தனதாக்கிக்கொண்டு, 'லங்கா விபு' இருந்த இடத்தில் 'ராஜ ராஜ' என்று தன் பெயரைப் பொறித்தான் என்பர். சோழநாட்டுக் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்னும் சொல் அவனுக்கு முன்பிருந்தே வழங்குகிறது. ஆகவே அவ்வுருவம் கடல் கடந்து வந்தது என்னும் கருத்தே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

அவ்வாறாயின், தமிழை வளர்த்த அரசன் தன் காசில் தமிழ் எழுத்தை விட்டு நாகரியைக் கொண்டது ஏன் என்னும் கேள்விக்கும் ஒருவாறு விடை கிடைக்கிறது. கோயிற் சுவரில் அவன் வெட்டுவித்தவை சோழநாட்டு ஊர்ச்சபையாரும் கோயிற் பணியாளரும் படிக்க வேண்டியவை. அவை தமிழில் உள்ளன. காசு பல மொழி பேசும் துறைமுகங்களுக்குச் செல்வது. முன்னரே பழகிய உருவமும் பழகிய எழுத்தும் உடைய காசை வேற்று நாட்டு வணிகன் தயங்காமல் வாங்குவான். படிக்க அறியாதவன் உருவத்தைக் கண்டே அறிந்துகொள்வான். அரசன் பெயரை மாற்றினான்; மக்கள் கண்ணுக்குப் பழகியதை மாற்றவில்லை. இது வெற்றிச் செருக்கு மட்டும் அன்று. வாணிக அறிவும் ஆகும்.

உருவங்களைப் போலவே வெள்ளியும் வெளியிலிருந்து வந்ததுதான். நம் காவிரி நாட்டில் நெல் விளையும்; வெள்ளி விளையாது. தமிழகத்தில் அதற்குப் பெரிய சுரங்கங்கள் இருந்ததில்லை. கடல் வாணிகத்தாலும் போராலும் அது வர வேண்டும். இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டுக்குள் பெரிய கோயிலுக்கு அளித்தவற்றைப் பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் கணக்கிட்டுக் கூறியிருக்கிறார். பொன் 41,500 கழஞ்சு; வெள்ளிக் கலங்கள் 50,650 கழஞ்சு. இவ்வெள்ளி எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கல்வெட்டே மறைக்காமற் கூறுகிறது. சேரனையும் பாண்டியரையும் வென்று கைக்கொண்ட பண்டாரங்களிலிருந்து அளித்தவை என்பது அதன் வாசகத்தின் கருத்து. கோயிற் கலங்களுக்கு உதவிய அந்த வெள்ளியில் ஒரு பகுதி அக்கசாலைக்கும் சென்றிருக்கக் கூடும் என்று எண்ண இடமுண்டு. அவ்வாறாயின் மீன் பொறித்த காசுக்குரிய வெள்ளியும் மீன்கொடி பறந்த நாட்டிலிருந்தே வந்திருக்கும்! இவ்வளவு வந்தும் வெள்ளி போதவில்லை போலும். சோழரின் வெள்ளிக் காசுகள் பலவற்றிற் செம்பு மிகுதியாகக் கலந்திருக்கிறது.

காசின் மதிப்பை அறிய வேண்டுமானால் மீண்டும் பெரிய கோயிற் சுவரையே நாட வேண்டும். அங்கே கூறப்படும் காசு அரைக் கழஞ்சு நிறையுள்ள பொற்காசு. கோயில் தன் முதலை ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்திருந்தது. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு வட்டி அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு. நெல்லாகச் செலுத்துவோர் மூன்று குறுணி அளக்க வேண்டும். நெல்லின் விலை காசுக்கு இரண்டு கலம். கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணி ஆதலின் இரண்டு கலம் இருபத்து நான்கு குறுணி. அதில் எட்டில் ஒரு பங்கு மூன்று குறுணிதான். காசாகக் கொடுத்தாலும் நெல்லாகக் கொடுத்தாலும் கணக்கு இம்மியும் பிசகவில்லை. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் இக்கல்வெட்டுகளைப் படித்தால் தேர்வுக்கு வரும் வட்டிக் கணக்குகளை விடச் சுவையானவற்றை அங்கே காண்பர்.

எனினும் அன்றைய வாழ்வில் பெரும் பகுதி நெல்லிலேயே நடந்தது. பெரிய கோயிலில் நியமிக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கும் ஆளுக்கு ஒரு பங்கு என்று வகுத்து, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளந்தனர். பொற்காசு அரசன் பண்டாரத்திலும் கோயிலிலும் சபையிலும் தங்கியது. செப்புக் காசு சில்லறைக்கு உதவியது. இரண்டிற்கும் இடையே நின்ற வெள்ளிக் காசு குறைவாகவே அடிக்கப்பட்டது. குறைவாகவே இன்று கிடைக்கிறது. பழைய காசா, புதுக் காசா, மாற்றுக் குறைந்ததா என்று மக்கள் ஆராய்ந்தே வாங்கினர். 'அன்றாடு நற்காசு' என்று கல்வெட்டுகள் கூறுவது அன்றைக்குச் செல்லுபடியாகும் நல்ல காசையே. காசின் தரத்தை ஆராய்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலர் பெயரோடும் இச்சொல் சேர்ந்திருக்கிறது. காசு நோட்டம் பார்த்த கண்கள் கவிதையும் பார்த்திருக்கின்றன. ஆங்கிலத்திற் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சொல்லுக்குக் கீழ்நாட்டுச் சிறு காசு என்றும் ஒரு பொருள் உண்டு. அப்பொருளில் அது நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்று திரிந்த வடிவமே.

தோற்றவர் அடையாளத்தைத் தன் காசிற் கொள்வது சோழர்க்கு மட்டும் உரிய வழக்கமோ என்று ஐயுறலாம். அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. இராசராசன் காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவன் எதல்ரெட் என்னும் அரசன். அவன் வெளியிட்ட பென்னி என்னும் வெள்ளிக் காசும் சம்மட்டியால் அடித்ததுதான். ஒருபுறம் அரசன் தலை, மறுபுறம் சிலுவை, அதனைச் சுற்றிக் காசடித்தவன் பெயரும் ஊரும். வெள்ளி குறைந்தாற் பிடிபட வேண்டியவன் யார் என்பது காசிலேயே எழுதப்பட்டிருந்தது. இது நம்மவர் காசில் இல்லாத நல்ல ஏற்பாடு. டேனியர் படையெடுத்து வந்தபோது எதல்ரெட் வெள்ளியைக் கொடுத்து அவர்களைத் திருப்பியனுப்பினான். அக்காசுகள் கப்பல் கப்பலாக வடநாடுகளுக்குச் சென்றன. அவன் காலத்துப் பென்னிகள் இங்கிலாந்தைவிட ஸ்காந்திநேவியாவிலேயே மிகுதியாகக் கிடைத்துள்ளன. அந்நாட்டு மன்னர்கள் தமக்கெனக் காசடிக்கத் தொடங்கியபோது எதல்ரெட்டின் காசையே பார்த்து அச்சு வெட்டினர். ஆங்கே வென்றவர் தோற்றவரின் காசைப் பார்த்து எழுதினர். இராசராசனும் ஈழத்தில் அதையே செய்தான் என்று கொண்டால், காசின் உலகில் வெற்றி தோல்விகளின் கணக்கு வேறு வகையானது என்பது புலனாகும்.

ஈழத்தில் அதன்பின் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1070-ஐ ஒட்டி விசயபாகு என்னும் மன்னன் சோழரை அந்நாட்டிலிருந்து வெளியேற்றினான். சோழர் சென்றனர், நிற்கும் மனிதனும் அமர்ந்த மனிதனும் செல்லவில்லை. 1153 முதல் 1186 வரை ஆண்ட புகழ்பெற்ற பராக்கிரமபாகுவும் அவன்பின் வந்தோரும் அதே உருவில், இராசராசன் பெயர் இருந்த அதே இடத்தில், நாகரியில் தத்தம் பெயரை வெட்டினர். பொலன்னறுவையில் மூன்று முறை அரியணை ஏறிய லீலாவதி என்னும் அரசியும் அவ்வாறே செய்தாள். அவள் காசில் எழுதியிருப்பது 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்பது. இராணி என்று அவள் எழுதவில்லை. இராசா என்றே எழுதினாள். உருவமும் ஆணுருவமே. அரியணையில் அமர்ந்தவர் ஆணா பெண்ணா என்பதைக் கருதாமல் காசு தன் வடிவில் நின்றது. பின்னர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளிலும் ஒருபுறம் இந்த நிற்கும் மனிதனே நிற்கிறான். மறுபுறம் நந்தியும் தமிழெழுத்தில் 'சேது' என்னும் சொல்லும் உள்ளன.

சோழநாட்டில் என்ன ஆயிற்று? முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கிச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். நெல்லூர்ப் பகுதியிற் கிடைத்த சிறு பொற்காசுகளில் 'சுங்' என்னும் எழுத்து அவ்விருதைக் குறிப்பதாகக் கருதுவர். அதுவும் தமிழெழுத்தே. அவனுக்குப் பின் காசுகள் சிறுத்தன, அரசும் சிறுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். அவன் விருதாகிய 'சோணாடு கொண்டான்' என்னும் சொல் பாண்டியர் செப்புக் காசில் அழகிய தமிழெழுத்தில் விளங்குகிறது. பாண்டியர் காசுகளில் மீன் மீண்டும் நடுவிடம் பெற்றது. புலியின் பக்கத்தில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒடுங்கி நின்ற அதே மீன்தான். அதனை அழிக்காமற் காத்து வந்தவை சோழர் காசுகள் என்று சொன்னால் சோழரும் பாண்டியரும் ஒருங்கே சினம் கொள்ளக்கூடும்!

இவ்வளவும் நாம் அறிந்தது காசுகள் தப்பிப் பிழைத்தமையால். தப்பாதவை எத்தனையோ? தஞ்சை வட்டாரத்து நகரம் ஒன்றில் வெள்ளி வாங்கும் கடையில் ஒருநாள் நின்றிருந்தேன். முதியவள் ஒருத்தி அறுந்த கொலுசு, நெளிந்த குங்குமச் சிமிழ் முதலியவற்றை ஒரு துணியில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். அவற்றோடு கருத்துப்போன மூன்று வில்லைகளும் இருந்தன. உழும்போது கிடைத்தவை என்றாள். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்தார். வில்லைகளில் ஒன்றை உராய்ந்து பார்த்து, 'இதில் செம்பு மிகுதி' என்று கூறி அதற்கு விலையைக் குறைத்தார். நான் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு வாலின் வளைவும் அதன் கீழ் எழுத்தின் தலைக்கோடும் தெரிந்தன. விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மற்ற இரண்டும் உள்ளே உலைக்குச் சென்றுவிட்டன. அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் தொழில் வெள்ளியை நிறுப்பது. அம்முதியவளையும் குறை கூறுவதற்கில்லை. அவளுக்கு அன்றைக்கு அரிசி வேண்டும். அந்த மூன்றாவது காசை உரிய அதிகாரியிடம் ஒப்புவித்தேன்.

புதையலைப் பற்றி நம் நாட்டில் 1878 முதல் ஒரு சட்டம் உண்டு. மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புப் பெறும் பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். கண்டெடுத்தவர்க்கு அச்சட்டத்தில் உரிமையும் உண்டு. இதனை அறியாத அச்சத்தாலேயே பல காசுகள் இரவோடிரவாக உலைக்குப் போகின்றன. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பு இவ்வாறு மக்கள் அறிவித்த புதையல்களாலும் வளர்ந்ததே. சென்னைக்குச் செல்லும்போது எழும்பூரில் அதனைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2010-இல் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவை ஒட்டி இந்திய அரசு ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள வெள்ளி நாணயம் ஒன்றை அறிவித்தது. நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, இருபது பங்கு செம்பு. இராசராசன் அக்கசாலைக் கம்மியர் அதனைக் கண்டிருந்தாற் கலவையைப் பார்த்துப் புன்னகை புரிந்திருப்பர்.

உங்கள் ஊர் வாய்க்காற் கரையிலோ வயலிலோ இத்தகைய காசு ஒன்று உங்களுக்கே கிடைக்கலாம். கிடைத்தால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதீர்கள்; ஆயிரமாண்டுக் களிம்போடு எழுத்தும் போய்விடும். கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். காசை ஆட்சியரிடம் சேர்ப்பிக்கும் முன் அதன்மேல் மெல்லிய தாளொன்றை விரித்து, எழுதுகோலின் பக்கவாட்டால் மிக மெதுவாகத் தேயுங்கள். உருவம் தாளில் எழும். புலி தெரிகிறதா, அதன் பக்கத்தில் மீன் இருக்கிறதா என்று அப்போது பாருங்கள்.